வசந்திக்குப் பார்த்த மாப்பிள்ளை

மனித உடம்பை மூன்று போத்தலில் அடக்கிவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். இருமலுக்கு மிக்ஸ்சர், புண்ணுக்கு ஊதா மருந்து, மற்ற எல்லாவற்றுக்கும் பேதி உப்பு. எழுபதுகளில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸராகச் சேர்ந்தபோது என் மருத்துவம் அவ்வளவுதான். பேதி உப்பு வாங்கியவர்கள் திரும்பி வருவதில்லை. குணமாகிவிட்டது என்று எழுதிக்கொள்வேன்.

மரம் சீவும் கண்ணம்மா அக்காவின் பிள்ளைகளிடம் என் போத்தல்கள் தோற்றன. சேகர், பாலா இருவருக்கும் ஓயாத சளி, காலில் ஆறாத புண். சேகர் நுரையீரல் கெட்டு இறந்தான். கடைக்குட்டி வசந்திக்கு மட்டும் ஒன்றுமில்லை.

எண்பதுகளில் பாலாவை அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் தமிழர்.

"அப்பா அம்மா சொந்தமா?"

"தாய்மாமனைத்தான் கட்டியிருக்காங்க, டாக்டர். நம்ம வழக்கம்லா. கடைசிப் பொண்ணுக்கு மட்டும் ஒண்ணுமில்ல."

"ரெண்டு பேருகிட்டயும் ஒரே கோளாறு ஒளிஞ்சிருந்திருக்கும். பையனுங்களுக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்திருச்சு. அந்தப் பொண்ணையாவது சொந்தத்துக்கு வெளியில கட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

இன்று 'டேப்' என்றொரு மரபணுவைச் சொல்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் கிருமியின் துண்டுகளைச் சுமந்து கொடுக்கும் புரதத்தை அது செய்கிறதாம். ரப்பர் பால் வாளியை ஸ்டோருக்குச் சுமக்க ஆளில்லாவிட்டால், காட்டில் பால் இருப்பது கணக்கெழுதும் கிராணிக்கு எப்படித் தெரியும்? உடம்பின் காவலும் அப்படித்தான் ஏமாறுகிறது. பாலாவுக்கு இருந்தது அதுதானா என்று சோதிக்க அப்போது வழியில்லை. வழி வரும் முன்பே அவனும் போய்விட்டான்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வசந்திக்கும் அக்காவின் தம்பி முனியனுக்கும் பரிசம் போட்டாகிவிட்டது என்பதுதான். அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். எதையும் சிரிக்க வைத்தே சொல்லிப் பழகியவன்.

"எத்தனை தலைமுறைக்கு ஒரே வீட்டுச் சோறு, அக்கா? வேற வீட்டுச் சமையலையும் பார்க்கலாம்லா."

அக்கா சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை ஒழுங்காகச் சொன்னேன். அக்கா பாலாவின் கால்கட்டை அவிழ்த்தபடியே சொன்னார்.

"பொண்ணு பார்க்க வந்தவங்க இவன் கால பார்த்துட்டு, தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாங்க, ஐயா. மூஞ்சி சுளிக்காதவன் முனியன் ஒருத்தன்தான்."

"சுங்கைப்பட்டாணி பேக்டரிப் பையனுங்க இதெல்லாம் பார்க்க மாட்டாங்க, அக்கா. அங்க வேலை செய்யற என் தம்பிக்கே இன்னும் கல்யாணமாகல, அவன் கூட்டாளிங்களே எத்தனையோ பேரு இருக்கானுங்க."

அக்கா நிமிர்ந்தார்.

"அப்ப வசந்திய ஒங்க தம்பிக்கே எடுத்துக்குங்க."