வேலையின்மைப் பாடமும் வன்னியம்பட்டிப் பிள்ளையும்

பொருளாதார வாத்தியாருக்கு ஊரில் என்ன மரியாதை என்பது, அவர் வீட்டுக்கு டியூஷனுக்கு ஒரு பிள்ளைகூட வராததிலேயே தெரிந்துவிடும். கணக்கு வாத்தியார் வாசலில் சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. என் வீட்டு வாசலில் தேர்க்கோலமே போடலாம். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், எல்லாம் நீங்களும் பட்டதுதான். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடு நான் பட்ட பாடு இது.

ஜூன் மாத அட்மிஷன்

நல்ல மார்க் எடுத்தவன் சயின்ஸுக்குப் போவான், சுமாரானவன் காமர்ஸுக்குப் போவான், மிச்சம் மீதியெல்லாம் எனக்கு. ஒரு வருஷம் வன்னியம்பட்டியிலிருந்து செல்வராணி என்று ஒரு பிள்ளை அப்பாவோடு வந்து, தானாகவே எக்கனாமிக்ஸ் கேட்டது. ஹெட்மாஸ்டர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு சயின்ஸே கெடைக்குமே?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடைசியில் என் பாடத்தைத் தேடியும் ஒரு ஜீவன் வந்துவிட்டதே! செல்வராணி சொன்னாள்: "சயின்ஸ்னா சாயங்காலம் லேப் இருக்கும் சார், பஸ்ஸப் புடிக்க முடியாது. எக்கனாமிக்ஸ்னா பெல் அடிச்சதும் விட்ருவீகளாமே."

மாம்பழ விதி

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிடும். விஷயம் என்னவோ சுலபம்தான்: ஒரே பண்டத்தைத் தொடர்ந்து தின்றால், தின்னத் தின்ன அதில் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும். புத்தகத்தில் ஆப்பிளை உதாரணம் காட்டியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆப்பிளைப் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் தலைமாட்டில்தான். ஆகவே ராஜபாளையத்தில் ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம் வாங்கிப் போனேன்.

கடைசி பெஞ்சு கருப்பசாமியை முன்னால் கூப்பிட்டு, ஒவ்வொரு பழத்துக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லச் சொன்னேன். முதல் பழத்துக்குப் பத்து. அடுத்ததற்கும் பத்து. பை காலியாகிற வரைக்கும் பத்துதான். வகுப்பு சிரித்தது. "நெசத்தச் சொல்லுல!" என்று அதட்டினேன். ராத்திரி பூராவும் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்துவிட்டு, அவன் நேரே பஸ் ஏறி வருகிறவன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னான்: "காலைல ஒண்ணும் திங்கல சார். இன்னும் ரெண்டு இருந்தாக் குடுங்க, கொறையுதான்னு பாப்போம்."

ஆடிப்பூரத்துப் பூ

விலை ஏறினால் தேவை குறையும் என்று கோடு போட்டு நடத்தினேன். உடனே ஒருத்தன் எழுந்து, ஆடிப்பூரத்தன்று மல்லிகை விலை ஏறுகிறது, வாங்குகிற கூட்டமும் ஏறுகிறது, அப்படியானால் விதி தப்புதானே என்றான். நான் எனக்குத் தெரிந்த வகையிலெல்லாம் விளக்கினேன். ஒருத்தர் முகத்திலும் தெளிச்சல் இல்லை.

செல்வராணி எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். என் கோட்டுக்கு வலது பக்கம் இன்னொரு கோடு போட்டாள். "திருநாளுக்கு எல்லாருக்கும் பூ வேணும் சார். அதனால கோடே நகந்து உக்காந்துருச்சு" என்றாள். இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை தானாக யோசித்து விடை சொன்னது அதுதான் முதல் தடவை. இவள் பிளஸ் டூ எழுதி, காலேஜில் இதையே படிக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் எனக்குப் போதும் என்று ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டே சொன்னேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஒத்தப் பிள்ளைக்கு வெளங்குனதுக்கே இம்புட்டு ஆட்டமா சார்?"

கூடுதல் ஆள்

பிளஸ் டூ வருஷம், பொங்கல் லீவு முடிந்து செல்வராணி வரவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனேன். அவள் டிபன் பாக்ஸோடு மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்து மில் ஒன்றில் சேர்ந்தாகிவிட்டதாம். பரீட்சை வரைக்குமாவது அனுப்புங்கள் என்று அவள் அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் மரியாதையாகக் கட்டிலில் உட்காரவைத்து, "நீங்க நடத்துன பாடந்தான சார்?" என்றார்.

எந்தப் பாடம் என்று யோசித்துப் பார்த்தேன். லீவுக்கு முன்னால் நான் கடைசியாக நடத்தியது மறைமுக வேலையின்மை. ஒரு வயலில் மூன்று பேர் பார்க்கிற வேலையை வீட்டிலுள்ள நாலு பேரும் சேர்ந்து பார்ப்பார்கள். கூடுதல் ஆளை எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் விளைச்சலும் குறையாது, நாடும் முன்னேறும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை அவள் பொங்கல் லீவில் அறுப்பு வயலில் வைத்து வீட்டாருக்கு விளக்கியிருக்கிறாள், அதுவும் ஒரு பிழையில்லாமல். அவள் முகத்தில் அழுகை இல்லை, கேள்விக்குச் சரியான விடை எழுதிய பிள்ளையின் முகம்தான் இருந்தது. "அய்யாவுக்கு நல்லா வெளங்கிருச்சு சார். நம்ம வயல்ல யாரு கூடுதல்னு கேட்டாக. எண்ணிப் பாத்தா, நாந்தேன் சார்."

என் பாடம் விளங்காத அத்தனை பேரும் அந்த வருஷம் பரீட்சை எழுதினார்கள்.