தார்ப்பாய்க்குள் படுத்திருந்தவர்

கோதுமையின் தரம் பார்ப்பது நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஊர் நினைக்கும். லாரி லாரியாக ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த என் சகாக்களே, உண்மை உங்களுக்குத்தான் தெரியும்.

மென்று பார்ப்பது

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாவு மில்லில் இருந்தேன். சோதிக்க மெஷின் இருந்தும், நான் ஒரு கை கோதுமையை மென்று, மாவு கரைந்தபின் நிற்கும் பிசினை இழுத்துக் காட்டினால்தான் முதலாளிக்குத் திருப்தி. பிசின் அறுந்தால் பரோட்டாவும் அறுந்துபோகும். சாயங்காலம் தாடை வலியோடு வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாம் என்பேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். "மாடுகூட அசை போட்டுப்போட்டு மறுக்கா திங்குமுங்க, நீங்க அதையும்விட மோசம்!" என்பாள்.

வண்டுக்கு வைத்தது

தீபாவளி லீவு முடிந்து மில்லைத் திறந்தபோது, கேட்டுக்கு வெளியே சங்ககிரி லாரி ஒன்று காத்திருந்தது. கோதுமையில் வண்டு ஊர்ந்தால் லோடைத் திருப்பிவிடுவேன் என்று அதன் டிரைவருக்குத் தெரியும். மூட்டையில் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் மணியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அழுகிய மீன் மாதிரி நாற்றம். கையை உதறினேன். குடோனில் வண்டு சாக விஷ மாத்திரை வைத்து, அதிலிருந்து கிளம்பும் வாயு வெளியேறாமல் மூடுவோமே, அதே நாற்றம்.

"மேலே யாராவது இருக்காங்களா?" என்று கத்தினேன்.

"நம்ம கிளீனர் அண்ணனுங்க. தூறல் போட்டுச்சுன்னு இப்பத்தான் தார்ப்பாய்க்குள்ள போய்ப் படுத்தாரு" என்றார் டிரைவர்.

எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. தார்ப்பாயைக் கிழித்து இழுத்தோம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்த அந்த மனுஷர், உதடு நீலம்பாரித்து, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தார். கீழே இறக்கி, கிடைத்த வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: "நீங்க லோடத் திருப்பிப்போடுவீங்கன்னு பயந்துதானுங்க மாத்திரை வெச்சேன். வண்டு மருந்து மனுசன என்ன பண்ணுமுன்னு நெனச்சுப்போட்டேனுங்க!"

முதலாளியின் கேள்வி

சாயங்காலம் கிளீனர் கண் திறந்தார். இனிப் பயமில்லை என்றார் டாக்டர். மில்லுக்குத் திரும்பி, ஆள் பிழைத்துவிட்டதைச் சொன்னேன். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி படத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, வண்டு செத்துப்போச்சுங்களா?"

கோதுமைக்குள் என்னென்ன இருக்கக் கூடாது என்பதற்கெல்லாம் எங்களிடம் அளவு இருந்தது. கோதுமைக்கு மேலே ஆள் இருக்கக் கூடாது என்று மட்டும் யாருக்கும் எழுதிவைக்கத் தோன்றவில்லை.