எருமை வெட்டும் கத்தி

என் வீட்டுக்காரருக்குக் கத்திப் பைத்தியம். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி வேலை அவருக்கு. காலையிலிருந்து மாலைவரை ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை. மற்ற தோட்டத்துக் கிராணிமார்கள் கைக்கடிகாரம், கிராமபோன் என்று ஆசைப்பட்டபோது இவர் போகிற இடமெல்லாம் கத்தி தேடினார். நான் கல்யாணமாகி வந்தபோதே முன்னறைச் சுவர் நிறையத் தொங்கின. மலாய்க்காரர்களின் வளைந்து நெளிந்த கிரிஸ், காடு வெட்டும் பாராங், சீனர் கடையில் பன்றி நறுக்கும் அகலக் கத்தி, ஊரிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்த அரிவாள், துரை கழித்துப் போட்ட மடக்குக் கத்தி. ஓய்வு நாள் வந்தால் ஒவ்வொன்றையும் இறக்கி, சாம்பலும் தேங்காய் எண்ணெயும் வைத்து முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார். இத்தனை கத்தி இருந்த வீட்டில் விறகு பிளந்தது நான், தேங்காய் உடைத்தது நான், கோழி அறுத்ததும் நான்தான். அவர் ஒரு கத்திரிக்காய்கூட நறுக்கி நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வந்தான். துரை சொல்லாமல் கொள்ளாமல் மலையிறங்கிப் போய்விட்டார். தேயிலையை ஏற்றிப் போகக் கப்பல் இல்லை, வாங்க ஆளில்லை. பாதித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டு மரவள்ளி நட்டார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் மூன்று வேளையும் அந்தக் கிழங்கைத்தான் தின்றார்கள். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள். அந்த அரிசியை நான் வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் வடிப்பேன். கஞ்சி வாசம் லயம்வரை போய்விடுமோ என்று கூச்சமாக இருக்கும்.

சுவரில் கத்திகளைப் பார்த்தால் ஜப்பான்காரன் சும்மா விடமாட்டான் என்று பயந்து, எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் படுக்கையறைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தார் அவர். இனியாவது இந்தப் பைத்தியம் தெளியும் என்று நான் சந்தோஷப்பட்டேன். யார் கண்ணிலும் காட்ட முடியாத கத்தியை யார் வாங்குவார்கள்? அவர் வாங்கினார். மலையடியில் இருக்கும் தாப்பாவிலிருந்து சாமான் ஏற்றி வரும் லோரிக்காரர் ஒருவரிடம் என் கம்பளிச் சால்வையைக் கொடுத்துவிட்டு, ரிங்லெட் கடைத்தெருவிலிருந்து ஒரு நீள மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அந்த மலைக் குளிரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சால்வைதான்.

"கூர்க்கா பட்டாளம் பின்வாங்கி ஓடுனப்ப ரப்பர் காட்டுல போட்டுட்டுப் போனதாம். பிரிச்சுப் பாரு" என்றார். குரலில் அப்படி ஒரு குழைவு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பேசியதில்லை.

பிரித்தேன். கூர்க்கா சிப்பாய்கள் இடுப்பில் செருகியிருந்த கத்தியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். முழங்கை நீளத்துக்குள் அடங்கிவிடும். இது அதன் பாட்டன். கையை நீட்டினால் என் தோளிலிருந்து விரல் நுனிவரை வந்தது. அலகு பாதி தூரம் நேராகப் போய், பிறகு கீழ்நோக்கிக் குனிந்து, முன்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. பிடி எருமைக் கொம்பு, இரண்டு கையாலும் பற்றுகிற அளவுக்கு நீளம், முனையில் பித்தளைப் பூண். பிடிக்குச் சற்று முன்னால் அலகில் சின்னதாக ஒரு வெட்டு விட்டிருந்தார்கள். ரத்தம் கைக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடுமாம். அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவரில் இருந்த எல்லாக் கத்திகளும் அதற்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான்தான்.

ஆனால் நான் கத்தியைத் தினமும் பிடிக்கிறவள். தூக்கிப் பார்த்தேன். முன்பாரம் மணிக்கட்டைக் கீழே இழுத்தது. சாயாமல் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன். கரண்டிக் காம்பைத் தடவுகிற மாதிரி இருந்தது.

"வாழைத்தண்டுகூட அறுபடாதுங்க இதுல" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? நேப்பாளத்துல தசராவுக்கு எருமைத் தலைய ஒரே வெட்டுல இறக்குற கத்தி இது. கூரு வேணாம், பாரமே வெட்டும்."

"இங்க எருமைக்கு எங்க போறது? மரவள்ளிதான் இருக்கு. செடி கவாத்து வெட்டுற ஆளுங்க கிட்ட குடுத்துத் தீட்டியாவது வைங்க. அடுப்படிக்கு ஆகும்."

தீட்டினால் அலகில் கீறல் விழும் என்றார். என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மறுபடி சாக்கில் சுற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆபீஸ் ஆட்களை விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் துணி துவைத்துக் கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள், கொழுந்து பறிக்கிறவள், பிள்ளைக்காரி. அவள் புருஷனையும் கொண்டுபோய்விட்டார்கள். வருஷா வருஷம் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறவர் அவர்தான். அரிவாளை ஓங்கினால் ஒரே வெட்டு, தலை தனி, உடம்பு தனி. முனியாண்டிக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் சாமி வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வேண்டியது நடக்காது. அந்தக் கறியும் வீட்டுக்கு ஆகாது.

அவளிடம் ஒரு கிடா இருந்தது. லயத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிடா அது. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் ஓடைப் பள்ளத்தில் மறைத்துக் கட்டி, தான் தின்ன வேண்டிய கிழங்குத் தோலை அதற்குப் போட்டு வளர்த்தாள். புருஷன் உயிரோடு திரும்பி வர அதை முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். சயாமுக்கு ஆளை அனுப்பிய மற்ற வீட்டுப் பெண்களும், எங்கள் வேண்டுதலையும் அதோடு சேர்த்துக்கொள் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். அவளும் சரி என்றாள். ஆகமொத்தம் அந்த ஒரு கிடாவின் கழுத்தில் லயத்துப் பாதி ஆண்களின் உயிர் தொங்கியது.

வெட்டத்தான் ஆளில்லை. பூசாரிக்கு வயசாகிவிட்டது. மிஞ்சிய ஆண்கள் எல்லாம் கிழங்கு தின்று வற்றிப்போன கைகள். அரிவாளைத் தூக்க எல்லாரும் தயங்கினார்கள். அவள் எங்கள் வீட்டுப் பின்வாசலில் துணி அலசிக்கொண்டே இதைச் சொல்லிப் புலம்பியது உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. விழுந்திருக்கக் கூடாது. சாக்கு மூட்டையோடு வெளியே வந்தார்.

"கவலைய விடு. எருமையையே ஒரே வெட்டுல சாய்க்குற கத்தி எங்கிட்ட இருக்கு. நானே வெட்டுறேன்."

அவள் ஈரக்கையோடு எழுந்து கும்பிட்டாள். "நெசமாவா கிராணி ஐயா? எருமையையேவா?" என்று கேட்டுக் கத்தியையும் கும்பிட்டாள்.

அவள் போன பிறகு நான் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். "உங்களுக்கு ஏங்க இந்த வேல? ஒரு கோழிய அறுத்திருக்கீங்களா?" என்றேன். "ஊர்ல ஒருத்தனுக்கும் தெம்பு இல்ல. எனக்கு இருக்கு" என்றார். அவருக்குத் தெம்பு இருந்தது உண்மைதான். அது அரிசித் தெம்பு. அதைப் பெருமையாகச் சொல்கிறாரே என்று எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜப்பான் அதிகாரி தாப்பாவுக்கு இறங்கிப்போன ஒரு காலையில் பூசை வைத்தார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் முனியாண்டி மரம். பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். முழுச்சேலை கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டியும் தகர டப்பாவுமாக வந்து நின்றன. கறியைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள் என்று விடியுமுன்பே கழுவி எடுத்து வந்திருந்தன. கறி எப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கு மறந்தே போயிருந்த காலம் அது.

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

பூசாரி மெதுவாகக் கேட்டார். "தீட்டிட்டீங்களா ஐயா?"

"இதுக்குத் தீட்ட வேணாம். பாரமே போதும்" என்றார் என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஓங்கினார். அந்த முன்பாரம் கத்தியைக் கையிலேயே திருப்பிவிட்டது. அலகு பக்கவாட்டில் விழுந்தது. கிடா கத்திய சத்தத்தில் பிள்ளைகள் பின்னால் ஓடின. அவர் மறுபடியும் ஓங்கினார். அப்போதும் தலை விழவில்லை. மூன்றாவது தரம் ஓங்கப் போனவரைப் பூசாரி தள்ளிவிட்டு, சாமியின் அரிவாளைப் பிடுங்கி அந்த வாயில்லாப் பிராணியின் வேதனையை முடித்து வைத்தார்.

குலவை நின்றுபோயிற்று. அப்போது என் வீட்டுக்காரர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் கைக்குட்டையை எடுத்தார். கத்தியைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அலகில் எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன்.

"சாமி ஏத்துக்கல" என்றார் பூசாரி. "இந்தக் கறி லயத்துக்குள்ள போகக் கூடாது."

ஆண்கள் குழி தோண்டினார்கள். பசியில் காதடைத்துப் போயிருந்த சனங்கள் ஒரு முழுக் கிடாவை மண்ணுக்குள் இறக்கி, நாய் தோண்டாமல் இருக்கக் கல்லும் வைத்தார்கள். பிள்ளைகள் அழுதன. ஒன்றிரண்டு பிள்ளைகள் குழியை விட்டு வர மறுத்தன. தாய்மார்கள் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் அவரும் அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தோம். சாக்கில் சுற்றிய கத்தி அவர் தோளில் இருந்தது.

யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன், கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, எனக்கு முதலில் பிடித்துக்கொள்ள வழி விட்டார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. வேறு நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போகத் தொடங்கினேன். அவள் துணி துவைக்க வருவதை நிறுத்திவிட்டாள். சயாமிலிருந்து யாராவது இறந்த செய்தி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். எந்த வீட்டில் ஒப்பாரி கேட்டாலும் அது எங்கள் வீட்டைப் பார்த்து வைக்கிற ஒப்பாரி என்றுதான் தோன்றும். அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்தது. ஆனால் பலகையைத் தூக்கி அந்தக் கத்திக்கு எண்ணெய் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் மிஞ்சியவர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். எலும்புக்கூடுகள். ஒவ்வொரு லோரிக்கும் அவள் ரோட்டோரத்தில் போய் நின்றாள். அவள் புருஷன் எதிலும் வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். எத்தனையோ நாளாகிவிட்டது அவள் அந்தப் பக்கம் வந்து. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வரட்டும் என்றுதான் இருந்தது. அவளோ, வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவரோட ஒண்ணா இருந்த ஆளு நேத்து வந்து சேந்தாரும்மா. போன கொஞ்ச நாள்லயே காய்ச்சல்ல போயிட்டாராம். நாம கிடா வெட்டுறதுக்கு ரொம்ப முந்தியே. கிராணி ஐயா மனசுல வச்சுக்கிட்டு வெளிய வராம இருக்காருன்னு சொன்னாங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கத்தியால ஒண்ணும் இல்ல."

நான் அழுதேன். அவளுக்காக அழுததாகத்தான் அவள் நினைத்திருப்பாள். பெரிய பாறாங்கல் நெஞ்சிலிருந்து இறங்கினால் வருகிற அழுகை அது. தாலி அறுத்தவள் முன்னால் நிம்மதியில் அழுகிறோமே என்று வெட்கம் வேறு.

அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல, கத்தில ஒரு குத்தமும் இல்லன்னு" என்றார் என்னிடம்.

அவள் எழுந்து நின்றாள். கிராணி முன்னால் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இல்லை.

"ஆமாங்கய்யா. கத்தில குத்தம் இல்ல" என்றாள். பிறகு, பிள்ளைகளைப் பற்றி யாரிடமும் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள். "போனவருக்குத்தான் வேண்டியிருக்கோம், தெரியாம. தெரிஞ்சிருந்தா அந்தக் கறியப் பொதைக்காம இருந்திருக்கலாம். என் சின்னவன் அன்னிக்கு வெறும் சட்டியக் கையில வச்சுக்கிட்டே தூங்கிட்டான்."

அவள் எங்கள் இருவரையும் கும்பிட்டுவிட்டு லயத்துப் பாதையில் இறங்கிப் போனாள்.