இசைத்தட்டில் என் சுத்தியல்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் கடன்பட்டிருந்தேன். மேடை போடும் தொழிலுக்கு வேண்டிய பலகை, சட்டம், கால் எல்லாமே அவருடைய மரக்கடையில் கடனுக்கு எடுத்தவை. தவணை மேல் தவணை சொல்லி அவர் பொறுமையைக் கரைத்துவிட்டேன். "இந்தக் கச்சேரி முடிஞ்சதும் பணம் என் கைக்கு வரணும். இல்லேன்னா உன் பட்டறையைப் பூட்டிட்டுப் பலகையை ஏத்திட்டுப் போயிடுவேன் மாப்ளே" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. கனமான புதுப் பூட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுவிட்டோம். ஆனால் மரத்தைத் தட்டிப் பார்த்தே அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவேன். கூலிக்கு இழைப்புளி பிடித்த கை, சொந்தப் பட்டறை கட்டியது. நான் போட்ட மேடைகளில் பேச்சாளர்கள் கத்திக் கத்தித் தொண்டை உடைந்திருக்கிறது, மேடை உடைந்ததில்லை. இன்று என் வாசலில் லாரிகள் நிற்கின்றன என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல.

அன்று வாசித்தது நான்கு இளைஞர்களின் ராக் இசைக்குழு. கூட்டத்தின் முன்னால் வாசிப்பதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக வெளியிடுவது திட்டம். ஒரே வாசிப்புதான், மறுபடி கிடையாது. ஒலிப்பதிவுக்காரர்தான் அதற்குப் பணம் போட்டவர், எனக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும் அவரே. கறாரான மனிதர்.

"பாட்டுல இல்லாத சத்தம் மேடையிலேர்ந்து ஒண்ணு வந்தாலும் உங்களுக்குக் காசு கிடையாது" என்றார்.

"என் மேடை மூச்சுகூட விடாது சார்" என்றேன்.

மேடைக் கால்களுக்கு அடியில் மர ஆப்புகளை அடித்துத்தான் மட்டம் எடுப்போம். பேச்சாளர் ஓரிடத்தில் நிற்பார், ஆப்பும் நிற்கும். இந்தப் பையன்களோ டிரம்ஸ் அடிக்கு ஏற்ப ஒன்றாகக் குதித்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே பார்த்துவிட்டேன். முன்வரிசைக் கால் ஒன்றின் ஆப்பு, அடிக்கு அடி, எறும்பு போல வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் கால் சாயும், மேடை சாயும், மேலே நிற்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

சுத்தியலோடு மேடைக்கு அடியில் நுழைந்தேன். பின்னாலேயே மச்சானும் தவழ்ந்து வந்தார்.

"எங்க நழுவுறே?"

"நழுவுறது நான் இல்ல மச்சான், ஆப்பு. மெதுவாப் பேசுங்க, மைக்கு இருக்கு."

அடித்தால் சத்தம் பதிவாகும். அடிக்காவிட்டால் மேடை போகும். மேலே டிரம்ஸ்காரன் காலால் பெரிய டிரம்மை மிதித்தான். 'தும்'. அந்தத் தாளத்தைக் காதில் பிடித்துக்கொண்டு, அடுத்த 'தும்' விழும்போது சுத்தியலைப் போட்டேன். ஆப்பு உள்ளே போனது. என் சத்தம் அவன் சத்தத்துக்குள் மறைந்தது. அப்படியே பாட்டுக்குப் பாட்டு அடித்தேன். எந்த வாத்தியாரும் சொல்லித் தராத வித்தை அது!

பிறகுதான் வினை. டிரம்ஸ் இல்லாத மெதுவான பாட்டு ஒன்று வந்தது. பாடகனும் கிட்டார்காரனும் மேடை விளிம்பில், சரியாக எங்கள் தலைக்கு மேலே, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆப்பு நீளவாக்கில் பிளந்து தெறித்தது. பலகை இறங்கி என் தோளில் அமர்ந்தது. மச்சான் தன் முதுகையும் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"மச்சான், பூட்டு" என்றேன் உதட்டசைவில்.

"புதுசுய்யா" என்றார் அவரும், துண்டை எடுத்துவிட்டு, உதட்டசைவிலேயே.

"மேல ரெண்டு பேரு, கீழ நாம ரெண்டு பேரு. யோசிங்க."

எடுத்துக் கொடுத்தார். ஆப்பு இருந்த இடத்தில் செருகினேன். இன்னும் விரல் அகலம் இடைவெளி. அவருடைய செருப்பையும் கழற்றி உள்ளே தள்ளினேன். பாரம் எங்கள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. பாட்டு முடியும்வரை இருவரும் மூச்சைப் பிடித்தபடி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பாட்டு புயல். பிளந்த ஆப்பில் ஒரு துண்டை எடுத்து, தாளத்தோடு சேர்த்து அடித்து இறுக்கினேன். சுத்தியலை ஓங்கிவிட்டேன், கை இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நொடியில் டிரம்ஸ்காரன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

'டக்.'

மைதானம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான். பிறகு கூட்டம் கூரை பிய்ந்தது போல ஆரவாரித்தது.

"போச்சு மாப்ளே" என்றார் மச்சான். பட்டறை தன் கைக்கு வரப்போகிற சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை.

ஒலிப்பதிவு வண்டிக்குள் எங்களை நிறுத்திவைத்து, நாடாவை ஓடவிட்டுக் கேட்டார் அந்த மனிதர். மெதுவான பாட்டு சுத்தமாக இருந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் 'டக்'. திரும்ப ஓடவிட்டார். மறுபடியும் 'டக்'.

"இது என்ன?"

மச்சான் முந்திக்கொண்டார். "அது வந்து சார், என் செருப்பு…"

"என் சுத்தியல்" என்றேன். பொய் சொல்லிப் பிழைத்தவன் இல்லை நான். "அதுக்கு முன்னாடியும் பாட்டுக்குப் பாட்டு அடிச்சிருக்கேன். எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தேடினார். முதல் பாட்டு, நடுப்பாட்டு எல்லாம் போட்டார். அகப்படவில்லை. வியர்வையைத் துடைத்தபடி டிரம்ஸ்காரன் எட்டிப் பார்த்தான்.

"அந்தக் கடைசி அடி யாரு? நிறுத்தினதும் இன்னும் ஒண்ணு வேணும்னு எனக்கே தோணுச்சு. அதை வெட்டிடாதீங்க."

"பாட்டுல இல்லாத சத்தம் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"இப்பதான் அது பாட்டுல இருக்கே."

அவர் என்னை முறைத்தார். நாடாவைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து என் கூலியை எடுத்து நீட்டினார். அந்த ஆல்பம் வாங்கியவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் நான் வாசித்திருக்கிறேன். உறையில் என் பெயர் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அடி என்னுடையது.

வண்டிக்கு வெளியே மச்சான் ஒற்றைச் செருப்போடு நின்று உள்ளங்கையை விரித்தார். கடன் முழுவதையும் நோட்டு நோட்டாக எண்ணி அதில் வைத்தேன். அவர் கையை மடக்கவில்லை.

"என்ன மச்சான், சரியா இருக்கா?"

"கடன் சரி. பூட்டு?"

பூட்டின் விலையை வைத்தேன். கை அப்படியே நின்றது. மண்ணில் நின்ற வெறுங்காலை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

சிரித்துக்கொண்டே இன்னொரு நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.