கனகராஜ் மாஸ்டரும் எங்கள் கம்பெனி நீச்சல் உடையும்

கனகராஜ் மாஸ்டர் இறந்துவிட்டார். இன்று விடியற்காலையில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் தன் வீட்டில், தூக்கத்திலேயே.

என் மகள் வித்யா பெங்களூரிலிருந்து போன் செய்து சொன்னாள். அழுதாள். நான் அழவில்லை... காபி குடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் பல வருடங்கள் கோச்சாக இருந்தவர். அங்கே நீந்தியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. நான் கான்வென்ட்டில் படித்தவள், எதிலும் ஒழுங்கு வேண்டும். அவர் பனியனும் ரப்பர் செருப்புமாகக் குளத்தோரம் ஓடிக்கொண்டே கத்துவார்.

பிள்ளைகளுக்கு அவர் வைக்கும் பெயர்கள் வேறு. நூல் சுற்றிய உருளை மாதிரி குண்டாக, உருண்டையாக ஒரு பையன்... அவன் "பாபின்". பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்குகிறவன் "பவர் கட்".

என் மகள் "ஓவர்லாக்". அவள் காலடித்தால் அந்தத் தையல் மெஷின் ஓடுவது போலவே சத்தம் வருமாம்.

ஒரு நாள் நேரே போய்க் கேட்டேன். "அவளுக்கு வித்யான்னு ஒரு பேர் இருக்கு மாஸ்டர்."

"இருக்குதுங்க மேடம். வித்யான்னா நின்னுட்டு 'எஸ் சார்'ங்குதுங்க. ஓவர்லாக்குன்னாத்தான் நீந்துதுங்க."

கோபமாக வந்தது. ஆனாலும் அன்றைக்கு அவள் நீந்தி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். வித்யா ஒன்பதாவது. என் கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "அடுத்து பத்தாவது வருது. இந்தத் தடவை ஸ்டேட்டுக்கு செலக்ட் ஆனா நீந்தட்டும். இல்லீனா இதோட போதும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பது வித்யாவுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

என் கணவருக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. போட்டிக்குப் போகும் அத்தனை பிள்ளைகளுக்கும் நீச்சல் உடை தானே தைத்துத் தருவதாக அறிவித்துவிட்டார்.

"நாம உலகத்துக்கே துணி தைக்கறோம். நம்ம பசங்க வெளியில வாங்கிப் போடறதா?"

காட்டன் லைக்ரா. எக்ஸ்போர்ட் துணி. கம்பெனி பெயர் பெரிதாக பிரிண்ட்.

தைத்து முடித்து, போட்டி நாள் காலையில் கோவையில் குளத்துக்கே அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்... மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

முதலில் பையன்கள். பருத்தி அல்லவா, தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போனது. பாபின் ஒரு கையால் நீந்தி, ஒரு கையால் ட்ரவுசரைப் பிடித்தபடி கடைசியாக வந்து சேர்ந்தான்.

கேலரியில் என் கணவர் என்னிடம், "எலாஸ்டிக் லூசு. நாளைக்கு டெய்லரைக் கூப்பிட்டு வெச்சுக்கறேன்" என்றார்.

அடுத்து பெண்கள். நான் உடை மாற்றும் அறைப் பக்கம் போனபோது, வாசலில் மாஸ்டர் வித்யாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, பழைய காஸ்ட்யூமையே போட்டுக்க."

"அப்பா கோவிச்சுக்குவாரு சார். ஜெயிச்சாக்கூட நீச்சல் வேண்டாம்னுருவாரு."

"அப்பாகிட்ட நான் போறேன். நீ தண்ணிக்குப் போ."

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "மேடம்... நீங்க ஒண்ணும் பாக்குலீங்க."

"சரி" என்றேன்.

மற்ற கோச்சுகள் எல்லாம் குளத்தோரம் நிற்க, இவர் மட்டும் கேலரிக்கு ஏறி வந்து என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பிள்ளைகள் நீந்தும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஏனுங்க மாஸ்டர், என்ற புள்ள மட்டும் எதுக்குப் பழசைப் போட்டுட்டு நிக்குது?"

"புதுசு போட்டோவுக்குங்க. நனைஞ்சா பிரிண்ட் மங்கிப்போகுமுங்க. மெடல் வாங்கறப்ப கம்பெனி பேர் பளிச்சுனு தெரியோணுமில்லீங்க?"

என் கணவர் யோசித்தார். "அதுவும் சரிதான்... மெடல் வாங்கோணுமே?"

"வாங்கிருமுங்க."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் குளத்தை விட்டு அகலவில்லை.

வித்யா இரண்டாவதாகத் தொட்டாள்.

மாஸ்டர் கத்தவில்லை, கை தட்டவில்லை. "மேடம், புதுசைக் கொண்டு போயிக் குடுங்க" என்றார் மெதுவாக. அவளைத் துடைத்து நான்தான் போட்டுவிட்டேன்.

அந்தப் போட்டோ என் கணவர் இருந்தவரை எங்கள் ஆபீஸ் சுவரில் இருந்தது. துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களிடம் எல்லாம் காட்டுவார். "நம்ம துணியைப் போட்டுட்டு எடுத்த மெடல்."

மாஸ்டரும் சில சமயம் அங்கே இருப்பார். "ஆமாங்க" என்பார். டீயைக் குடிப்பார்.

வித்யா மேலும் மூன்று வருடம் நீந்தினாள். பிறகு படிப்பு, வேலை. பெரிய சாம்பியன் எல்லாம் ஆகவில்லை.

என் கணவர் அதற்குப் பிறகும் வருடா வருடம் உடை தைத்துக் கொடுத்தார். மாஸ்டர் வருடா வருடம் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அவரிடம் படித்த பிள்ளைகள் வீட்டு பீரோவில் தேடிப் பாருங்கள்... தண்ணீரே படாத நீச்சல் உடை ஒன்று கிடைக்கும்.

என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி வரை அவருக்கு இது தெரியாது. மாஸ்டரும் யாரிடமும் சொன்னதில்லை. நானும்தான்... இன்று வரை.

பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்களாம். வித்யாவால் அதற்குள் வர முடியாது. எனக்குக் கார் வந்துவிட்டது.

வருகிறேன், மாஸ்டர்.