கொடுக்காமல் வைத்திருந்த ஈக்கள்

பழவேற்காட்டு மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில், அழுகிய வாழைப்பழத்தை மொய்த்துக்கொண்டிருந்த பழ ஈக்களை ஞானதாஸ் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனது 1979இல். அவனுடைய நைனாவும் அண்ணனும் ஏரியில் இறால் பிடிப்பவர்கள். அவன் மட்டும் பொன்னேரியில் படித்து, சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தான். அவனுக்குப் பின் இரண்டு வருடம் கழித்து அதே கூடத்தில் சேர்ந்த கரீமாவும் பழவேற்காட்டுப் பெண்தான். சனிக்கிழமை மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவார்கள். அவள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஈக்களை அவன் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தான். ஒரு வம்சத்தில் மட்டும் சில புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறவில்லை. தின்று தின்று பெருத்து, கடைசியில் செத்துப்போயின. அவற்றை அறுத்துப் பார்த்தபோது காரணம் ஓரளவு தெரிந்தது. பின்னாளில் இறக்கையாகப் போகிற செல்கள், புழுவின் உடம்புக்குள் ஒரு சின்ன மொட்டாகக் காத்திருக்கும். ஓர் அளவுக்கு வளர்ந்ததும் அந்த மொட்டு தானாக நின்றுவிடும். இந்தப் புழுக்களில் அது நிற்கவே இல்லை. மடிப்பு மடிப்பாகப் பெருகிக்கொண்டே போனது.

ஹார்மோன் குறைவுதான் காரணம் என்று பேராசிரியர் திருவேங்கடம் சொல்லிவிட்டார். ஹார்மோனைக் கொடுத்தும் பார்த்தார்கள். சில புழுக்கள் கூட்டுப்புழுவாயின. மொட்டு வளர்வது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் கரீமா அந்த மொட்டை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல புழுவின் மொட்டு துணி மாதிரி சேர்ந்து கிழியும். இதுவோ அதிகம் வெந்த மடவை மீனின் சதைபோல உதிர்ந்தது.

“அண்ணே, இந்த செல்லுங்க ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கல” என்றாள். “பக்கத்துல ஆள் இருக்குன்னே தெரியாம வளருது. புடிச்சிக்கிற பசையே ‘போதும், நிறுத்து’ன்னும் சொல்லுமா இருக்கும்.”

ஞானதாஸ் மேலும் சில மொட்டுகளைப் பிரித்துப் பார்த்தான். அவள் சொன்னதில் ஏதோ இருந்தது. இதைக் கேட்ட பேராசிரியர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஞானதாஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த எண்ணம் அவனுக்குள் அவனுடையதாகவே ஆகிவிட்டது.

1982இல் கரீமா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன் அந்த வம்சத்து ஈக்களில் இரண்டு குப்பி கேட்டாள். ஈ வளர்ப்பவர்களிடையே அது சாதாரண வழக்கம்; ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும். ஞானதாஸோ, இப்போது ஈக்கள் நோஞ்சானாக இருக்கின்றன, அப்புறம் கொண்டுவந்து தருகிறேன் என்றான். ஈக்கள் நன்றாகத்தான் இருந்தன. பெங்களூரில் நல்ல கருவிகள் உண்டு, அவள் முந்திவிடுவாள் என்ற பயம் அவனுக்கு. அடுத்த முறை ஊரில் பார்த்தபோதும் அவள் கேட்டாள். அதே பதிலைச் சொன்னான். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு அவன் குப்பிகளையெல்லாம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். கூடத்தில் வேறு யாரும் அவற்றைத் தொடக்கூடாது. செல்களைப் பிடித்துவைக்கும் அந்தப் பசை எது என்று தனியாகவே தேடினான். அதற்கு வேண்டிய வசதி அந்தக் கல்லூரியில் இல்லை.

1984 நவம்பரில் புயல் ஏரிப்பக்கம் அடித்தது. நைனாவின் படகு உடைந்து, கூரையும் போய்விட்டது என்று சேதி வந்ததும் ஞானதாஸ் ஊருக்கு ஓடினான். அம்மா மேரிக்குக் காய்ச்சல். குடிசையை நிமிர்த்தி, படகைப் பழுதுபார்த்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஈக்களுக்குப் புதுத் தீனி மாற்ற வேண்டிய நாள் கடந்துபோனது அவனுக்கு நினைவில் இருந்தது. சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. சாவியைக் கொடுத்தனுப்ப ஆட்களும் கிடைத்தார்கள். அவன் கொடுத்தனுப்பவில்லை.

திரும்பிப் போய் அலமாரியைத் திறந்தபோது குப்பிகளில் தீனி காய்ந்து, பூஞ்சை படர்ந்திருந்தது. ஓர் ஈகூட உயிரோடு இல்லை.

அதன் பின் வேறு ஒரு சின்ன விஷயத்தில் பட்டம் வாங்கி, பொன்னேரியில் ஒரு பள்ளியில் ஆசிரியரானான். பல வருடம் ஏலக் கொட்டகைப் பக்கம் வாழைப்பழம் வைத்து ஈ பிடித்தான். அந்த வம்சம் மறுபடி கிடைக்கவே இல்லை.

1989இல் தன் தம்பி கல்யாணத்துக்கு வந்த கரீமா அவனைத் தேடி வீட்டுக்கே வந்தாள். செல்களை ஒட்டிவைக்கும் புரதங்கள் வளர்ச்சியையும் கட்டுப்படுத்தலாம் என்று வெளிநாட்டில் இப்போது பேசுகிறார்கள் என்றாள். அங்கே வேறு ஈக்களில் இதே போல மொட்டு பெருப்பதையும் பார்த்திருக்கிறார்களாம். அவள் குரலில் கோபம் இல்லை.

“நீ அப்பவே சொன்னத அங்க யார்கிட்டயாவது சொன்னியா?” என்று ஞானதாஸ் கேட்டான்.

“சொன்னேன் அண்ணே. ஈ எங்கன்னு கேட்டாங்க.”

மேரி கொண்டுவந்து வைத்த டீயை இருவரும் குடித்தார்கள். அன்றைக்கு ஈக்கள் நோஞ்சானாக இல்லை, நான் பொய் சொன்னேன் என்றான் ஞானதாஸ். எனக்கு அப்போதே தெரியும் என்றாள் அவள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றான். கரீமா அதை மறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெண் வீட்டார் வந்திருப்பார்கள் என்று சொல்லி எழுந்தாள்.