ஐந்தரை அங்குலப் புல்

போன வருடம் தை மாதம், மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. அடையாறில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஆற்றங்கரையை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி இருக்கிறது. காலையில் நடப்பவர்களுக்காக அங்கே ஒரு பாதையும் நான்கு சிமெண்ட் பெஞ்சுகளும் போட்டிருக்கிறார்கள். மழையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பாம்பைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்ன பிறகு, குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் புகார் எழுதினோம். எழுதியது நான்தான். முப்பது வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவள் என்பதால் இந்த மாதிரி வேலைகள் என்னிடம் வந்து சேரும்.

ஒரு வாரத்தில் மாநகராட்சியின் ஒப்பந்தக்காரர் டிராக்டர் அனுப்பினார். அதன் பின்னால் புல் வெட்டும் எந்திரம் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு தண்டு முழுக்கச் சின்னச் சின்னக் கத்திகள் தொங்கும். தண்டு சுழலும்போது அவை விசிறி அடித்துப் புல்லைத் தூளாக்கும். கடைசியில் தரையைத் தொட்டபடி ஓர் இரும்பு உருளை. வெட்டும் உயரத்தை முடிவுசெய்வது அந்த உருளைதான். இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி, உருளையை ஓர் ஓட்டை கீழே இறக்கி முடுக்கினால், எந்திரம் அந்த அளவுக்கு மேலே எழும். புல் உயரமாக நிற்கும்.

ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் பகுதியைக் கம்பளம் மாதிரி வெட்டினார். பிறகு நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, எந்திரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, ஸ்பேனரோடு குனிந்து உருளையை மாற்றினார். அறுபது அடி தூரம் உயரமாக வெட்டினார். மறுபடி நிறுத்தி, பழைய ஓட்டைக்கே மாற்றினார். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது நேரத்தைக் கடத்துகிற வேலையாகத் தெரிந்தது.

பத்திரிகையில் இருந்தபோது வாங்கிய ஆறங்குல இரும்பு ஸ்கேல் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. அவர் போனதும் அளந்தேன். மற்ற இடங்களில் இரண்டு அங்குலம். அந்த அறுபது அடியில் மட்டும் ஐந்தரை. ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்து, ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். கூடவே மூன்றே வரிகள், பிழையில்லாமல்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சூப்பர்வைசரே வந்துவிட்டார். டிராக்டர்காரரை விட இருபது வயது சின்னவர். எங்கள் முன்னால் வைத்தே ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, அம்மா ஸ்கேல் வெச்சு அளந்து போட்டோ அனுப்பிச்சுகிறாங்க. இங்க கிராப்பு, அங்க ஹிப்பி. சலூனா வெச்சிக்கினு கீற?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அடில கல்லு கீது சார்," என்றார் அவர்.

"எங்க கீது? எனக்குப் புல்லுதான் தெரியுது. இறக்கி ஓட்டு. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சு, நாளையிலேர்ந்து நீ ஊட்லயே குந்திக்கோ."

அவர் டிராக்டரை அந்த அறுபது அடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். குனிந்து, உருளை முதல் நாள் மாற்றிய மேல் ஓட்டையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டை இன்னும் முடுக்கினார். பிறகு எங்களிடம் வந்து, எல்லோரையும் தள்ளிப்போகச் சொன்னார். மற்றவர்கள் போனார்கள். எனக்கு அது வீம்பாகப் பட்டது, உட்கார்ந்தே இருந்தேன்.

"அம்மா, இங்க குந்தாதமா. அந்த மரத்துக்குப் பின்னால போ. உன்ன கும்புட்டுக் கேக்குறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனேன். தண்ணீர் பாட்டில் பெஞ்சிலேயே இருந்தது.

பத்தடிகூட ஓடியிருக்காது. இரும்பு கல்லில் அறைகிற சத்தம். கூடவே பெஞ்சுப் பக்கம் இன்னொரு சத்தம். எஞ்சின் நின்ற பிறகு போய்ப் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த இடத்தில் சிமெண்ட் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. எவர்சில்வர் பாட்டில் நசுங்கிக் கீழே கிடந்தது. பக்கத்தில், ஒரு பக்கம் வழவழப்பான சிவப்பு சிமெண்ட் துண்டு.

கத்திகள் மூன்று உடைந்திருந்தன. சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி ரோட்டுப் பக்கம் நடந்தார். "டிரைவர் கவனிக்காம ஓட்டிட்டான்" என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிராக்டர்காரர் காலால் புல்லை விலக்கினார். அடியில் சிவப்புத் தரை. அதன் ஓரத்தில் வாசற்படி அளவுக்கு ஒரு கருங்கல்.

"இங்க வீடு இருந்ததா?" என்று கேட்டேன்.

"என் ஊடுதாம்மா," என்றார். "அதாண்ட என் தங்கச்சி ஊடு. இந்தப் பக்கம் குழாயடி. ஊட்டயெல்லாம் எடுத்தாங்க, தரைய யாரு எடுப்பா?"

அந்த அறுபது அடியில் ஒன்பது குடும்பங்கள் இருந்தனவாம். இப்போது இவர் ஊருக்கு வெளியே அரசு கொடுத்த அடுக்குமாடியில் இருக்கிறார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வேலைக்கு வருகிறார். இதை ஏன் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, பழைய எடத்தப் பாத்துக்கினு நிக்கிறான்னு வேற பக்கம் தூக்கிப் போட்ருவாங்கமா. எனக்கு இங்க ஓட்டணும்."

சூப்பர்வைசர் திரும்பி வருவதைப் பார்த்துப் புல்லைக் காலாலேயே மூடினார்.

பத்திரிகையில் 'திருத்தம்' என்று ஒன்று போடுவோம். தவறு முதல் பக்கத்தில் வந்திருக்கும், திருத்தம் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். எத்தனையோ முறை அப்படிச் செய்திருக்கிறேன். அன்று சூப்பர்வைசரிடம், என்னோடு சிரித்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். என் புகாரால்தான் நீங்கள் இறக்கச் சொன்னீர்கள். அவர் எழுப்பிவிடாமல் இருந்திருந்தால் அந்தச் சிமெண்ட் துண்டு என் மேல் பட்டிருக்கும்." வீட்டுக்குப் போய் அதையே எழுதி ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பினேன். புல்லுக்கு அடியில் உடைந்த சிமெண்ட் இருக்கிறது, அந்தப் பகுதியை உயரமாகத்தான் வெட்ட வேண்டும் என்று முடித்தேன். யாருடைய வீடு என்பதை மட்டும் எழுதவில்லை. தெரிந்த ஒரு தகவலை நான் வேண்டுமென்றே விட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வேலை போகவில்லை. அடுத்த மழைவரை அவர்தான் வந்தார். ஒப்பந்தம் முடிந்து இப்போது வேறு இடத்தில் ஓட்டுகிறார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "பேரு போடாம எழுதும்மா," என்றார். பிறகு, "இப்ப ஓட்டுறவன் ரோலர எத்தினியாவது ஓட்டைல வெக்கிறான்?" என்று கேட்டார்.

அவர் வைத்த ஓட்டையிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர், நடுவில் கொஞ்சம் மட்டும் சரியாக வெட்டவில்லையே என்கிறார்கள். அதுதான் சரியான அளவு என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். ஆனால் அந்த இடம் வந்ததும் என் கால் தானாக விலகிப் பாதை ஓரத்துக்குப் போய்விடுகிறது, ஒருவர் வீட்டுக்குள் எப்படிச் செருப்போடு நடப்பது?